திருகோணமலையில் ஓர் அடிக்குரல்

தம்பலகாமத்துக்குக் கொஞ்சம் முன்னால், வயல்வெளிக்கு நடுவே, எங்கள் வான் வண்டியின் பின்ரயர் வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு உள்ளே இருந்த எல்லாரும் குனிந்துவிட்டோம். முதலில் தலையை நிமிர்த்தியவர் சாரதி சிறில். "ரயர்தான், ரயர்தான்" என்று சிங்களத்தில் சொன்னார். கடைசியாக நிமிர்ந்தவர் எங்கள் ஸ்கொட்லாந்து டொக்டர். அவருக்கு அந்த நாட்டில் அது முதல் நாள். எனக்கு இருபது வருடங்களுக்குப் பிறகு முதல் நாள்.

நான் லண்டனில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் தாதி. திருகோணமலைக்குக் கண்புரை எடுக்க ஒரு குழு போகிறது, தமிழ் தெரிந்த தாதி தேவை என்று அறிவித்தல் பலகையில் கண்டதும் அன்றைக்கே பெயர் கொடுத்தேன். இரண்டு பக்கமும் போர்நிறுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்த சில மாதங்கள் அவை. அது எவ்வளவு நாளைக்குத் தாங்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. கணவர் வேண்டாம் என்றார். பிறகு, நான் ஏன் போகிறேன் என்பது அவருக்குத் தெரியுமென்பதால், சூட்கேசை அவரே பரணில் இருந்து இறக்கித் தந்தார்.

என் தம்பி தயாபரன் துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்தவன். ஐந்து வருடங்களுக்கு முன், சண்டை திரும்பத் தொடங்கிய அந்த ஆனி மாதத்தில், ஒரு காலை வேலைக்கென்று லிங்கநகர் வீட்டைவிட்டுப் புறப்பட்டான். அதன் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை. அவனுடைய மனைவியும் பிள்ளையும் அப்போது மூதூர்ப் பக்கம் அவளுடைய தாய்வீட்டில் இருந்தார்கள். அவர்கள் காட்டுக்குள்ளால் நடந்து தப்பி, இப்போது திருச்சியில் ஒரு முகாமில் இருக்கிறார்கள். தன்னிடம் அவன் வந்துசேரவில்லை என்று அவள் எழுதினாள். அவன் எங்கே போனான், எந்தத் திசையில் போனான் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. லிங்கநகரில் அவனோடு இருந்த அம்மா, கொழும்பு வழியாக லண்டனுக்கு எங்களிடம் வந்து, அதைத் தெரிந்துகொள்ளாமலே கண்ணை மூடினார்.

சிறில் ரயர் மாற்றும்வரை மருத மரத்தடியில் நின்றோம். பக்கத்தில் ஒரு பெண் எருமைத் தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். சட்டியைக் கவிழ்த்தால்கூட விழாத தயிர். சீனியைத் தூவி வாழையிலைத் துண்டில் தந்தார். டொக்டர் விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு இலை நீட்டினார். லண்டனில் நாங்கள் தயிர் என்று வாங்குவதை இந்தப் பெண்ணிடம் காட்டினால் மோர் என்றுதான் சொல்லுவார்.

"வெள்ளைக்காரர் சண்டை பாக்க வந்தவரோ?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"இல்லை அம்மா. கண் பாக்க."

"அப்ப நல்லது. சண்டை பாக்க வந்த ஆக்கள்தான் இவ்வளவு நாளும் வந்தவை."

அதற்குப் பிறகு சோதனைச் சாவடிகள். இறங்குவதும், பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதும், திரும்ப ஏறுவதுமாகப் பின்னேரம் ஆகிவிட்டது. ஊருக்குள் நுழையும்போது முதலில் வந்தது கருவாட்டு மணம். பிறகு, கோட்டை வீதியில் புள்ளிமான்கள். சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை ஒரு மான் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. டொக்டர் புகைப்படக் கருவியை எடுக்க, காவலில் நின்ற சிப்பாய் விரலை ஆட்டினான். மானைக்கூடப் படம் எடுக்க முடியாத ஊராக அது ஆகியிருந்தது. இரவுச் சாப்பாடு பிட்டும் கணவாய்க் கறியும். நான் சாப்பிட்டதைப் பார்த்து விடுதிக்காரர் கேட்காமலே இரண்டாம் முறை பரிமாறினார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் டச்சு வளைகுடாப் பக்கம் நடந்தேன். என் சிறுவயதுத் தோழன் டொனால்டின் வீடு இருந்த இடத்தில் மணல்மூட்டைகளும் முள்ளுக்கம்பியும் இருந்தன. மதில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அந்த மதிலில்தான் நாங்கள் நாலு பேரும் இருந்து பாடுவோம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. டொனால்ட் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீட்டுப் பிள்ளை. தகப்பன் கப்பல் திருத்தும் டொக்யாட்டில் மேற்பார்வையாளர். துறைமுகத்துக்கு வரும் அந்நியக் கப்பற்காரர்கள் அவருக்கு இசைத்தட்டுகள் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் அவற்றை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டது நாங்கள். அமெரிக்க நகரங்களில் கறுப்பின இளைஞர்கள் நாலைந்து பேராகத் தெருமுனையில் நின்று பாடிப் பழகிய பாட்டுகள். டூ-வொப் என்று அதற்குப் பெயர் என்பதை டொனால்ட்தான் தட்டின் உறையில் படித்துச் சொன்னான். கையில் வாத்தியம் இல்லை. வாத்தியத்தின் வேலையையும் தொண்டையே பார்த்துக்கொள்ளும். ஒருவன் அடியில் நின்று 'டும் டும்' என்று நிலத்தை இடிப்பான். நடுவில் உள்ளவர்கள் 'ஊ' என்றும் 'ஷா' என்றும் பாய் விரிப்பார்கள். ஒருவன் கூரைக்கு மேலே ஏறிப் பெண்குரலில் மிதப்பான். இவர்கள் எல்லாருக்கும் முன்னால் ஒருவன் நின்று அழுவான். அவன் யாருக்காக அழுகிறானோ அந்தப் பெண் அநேகமாக அடுத்த தெருவில்தான் இருப்பாள். ஆனாலும் அவள் நிலாவில் இருப்பதுபோலத்தான் பாடுவான்.

எங்களில் முன்னுக்கு நின்று பாடுபவன் தயா. மேலே மிதப்பவன் டொனால்ட். நடுவில் நான், அவர்களுக்குச் சரோ. அக்காவும் தம்பியும் சேர்ந்து போகிறார்கள் என்றபடியால் அம்மா என்னையும் விட்டார். அடிக்குரல் அன்சார்.

அன்சார் கிண்ணியாக்காரர். நகரத்தில் மாமா வீட்டில் நின்று படித்தவர். அவருடைய வாப்பா மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்ச் படகை ஓட்டினார். அன்சார் அடிக்குரலை இசைத்தட்டில் பழகவில்லை, அந்த லோஞ்சின் எஞ்சினில் பழகினார். எஞ்சின் சூடாகாத காலையில் அது ஒரு தடவை இடறித்தான் பிடிக்கும். அன்சாரும் அப்படியே இடறித் தொடங்குவார்: 'டும்-ப... டும், டும்-ப-டும்.' அந்த இடறலின் மேல் தயா ஒரு பாட்டுக் கட்டினான். தமிழ்ப் பாட்டு. 'கப்பல் போன பிறகும் தண்ணி ஆடுதே' என்று தொடங்கும். சீனக்குடாவில் உலக யுத்தக் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நின்றன. வெறுமையாகக் கிடந்த ஒன்றுக்குள் புகுந்து அந்தப் பாட்டைப் பாடுவோம். இரும்புச் சுவரில் பட்டு ஒவ்வொரு சொல்லும் சுற்றிச் சுற்றி வரும். நாலு பேர் பாடினால் நாற்பது பேர் பாடுவதுபோல் இருக்கும். வெளியே வந்தால் குருவிச் சத்தம் மட்டும்.

அன்சாரை நான் விரும்பினேனா என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அவருடைய குரல் தொடங்கினால்தான் என் குரலுக்கு நிற்க இடம் கிடைக்கும். அதை அவருக்குச் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு டொனால்டின் குடும்பம் மெல்பேர்னுக்குப் போனது. நான் தாதிப் படிப்புக்கு, கலியாணத்துக்கு, லண்டனுக்கு என்று போனேன். எங்கள் ஆஸ்பத்திரிக் குசினியில் ஒரு ஜமெய்க்காப் பெண் வேலை செய்கிறாள். வானொலியில் அந்தக் காலத்துப் பாட்டு ஏதாவது வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நடுக்குரலில் சேர்ந்துகொள்வாள். அவள் பாடும்போது நான் தேத்தண்ணிக் கோப்பையுடன் வாசலில் நிற்பேன்.

ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். இறக்கக்கண்டியிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்த ஆட்கள் விறாந்தையில் பாய் போட்டுக் காத்திருந்தார்கள். ஊசிபோட்டுக் கண்ணை மரக்கச் செய்துவிட்டு, ஆள் விழித்திருக்கத்தான் புரையை எடுப்போம். முகம் முழுவதையும் பச்சைத் துணி மூடியிருக்கும். வட்டமான ஓட்டைக்குள்ளால் ஒரு கண் மட்டும் தெரியும். டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வதும், நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் என் வேலை. வேலைக்கு நடுவே, வயதான ஆட்களிடம் தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். துறைமுகக் கந்தோர்த் தயாபரனா, நல்ல பிள்ளை, என்பார்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள், மத்தியானத்துக்குச் சற்று முன், ஒரு கிண்ணியாக்காரரை மேசையில் கிடத்தினார்கள். நான் கருவிகளைக் கழுவிவிட்டு வரும்போது துணி போட்டாகிவிட்டது. "ஐயா, தலையை ஆட்டக்கூடாது. நோகாது. நோகிற மாதிரி இருந்தால் என்ர கையை அமத்துங்கோ" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அவருடைய கை என் கைக்குள் ஒருமுறை இறுகித் தளர்ந்தது. பயம் என்று நினைத்தேன்.

டொக்டர் வேலையைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் துணிக்கு அடியில் இருந்து ஒரு முனகல் வந்தது. பயந்த ஆட்கள் சாமி பெயர் சொல்வதும் ஓதுவதும் வழக்கம்தான். இது ஓதல் இல்லை. ஒரு எஞ்சின் இடறிப் பிடிக்கிற சத்தம்.

'டும்-ப... டும், டும்-ப-டும்.'

உலகத்தில் அதை அப்படித் தொடங்கக்கூடிய ஆள் ஒருவர்தான். என் தொண்டைக்குள் நடுக்குரல் தானாக வந்து நின்றது.

"அவரை நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார் டொக்டர், நுணுக்குக்காட்டியில் இருந்து கண்ணை எடுக்காமல். "தலை அதிருகிறது. இப்போது அதிர்ந்தால் கண் போய்விடும்."

முப்பது வருடமாகக் கேட்க ஏங்கிய சத்தத்தை நானே நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. குனிந்து, அவர் காது இருக்கும் இடத்துக்குக் கிட்டவாகச் சொன்னேன்: "கொஞ்சம் பாடாமல் இருங்கோ."

சத்தம் உடனே நின்றது. துணி மேலெழுந்து தாழ்ந்தது.

"சரி, சரோ" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று டொக்டர் கேட்டார்.

"சரியாம்."

"நல்லது. ஆனால் மற்றக் கண் அழுகிறதுபோல இருக்கிறது. துணி நனைகிறது. ஊசி போதவில்லையா என்று கேளுங்கள்."

"போதும், டொக்டர்" என்றேன். நான் கேட்காமலே.

அடுத்த நாள் காலை கட்டு அவிழ்ப்பது. நோயாளிகள் நீள மர வாங்கில் வரிசையாக இருந்தார்கள். அன்சாரை நான் அடையாளம் கண்டிருக்க மாட்டேன். மெலிந்த, வெயில் தின்ற முகம், நரைத்த தாடி, தோள் மட்டும் பழைய தோள். கட்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தேன். அவர் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார்.

"வெள்ளையா ஒரு உடுப்புத் தெரியுது" என்றார். பிறகு முகத்துக்கு வந்தார். வெகுநேரம் பார்த்தார். "மெலிஞ்சிட்டீங்க, சரோ."

"நீங்கள் கிழவனாகிட்டீங்கள்."

"அப்பிடியா? கண்ணாடியில எனக்குத் தெரியல்ல. புரை இருந்ததுதானே."

பக்கத்தில் இருந்த கிழவி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மேசையில் கிடக்கும்போது என்னை எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டேன். கையை அமத்துங்கோ என்று சொன்ன குரலிலேயே தெரிந்துவிட்டதாம். ஆனாலும் நம்ப முடியவில்லை. சரியாகத் தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சத்தத்தைத் தொடங்கினாராம்.

"தயாவைப் பற்றி..." என்று தொடங்கினேன்.

அவருடைய முகம் மாறியது. வாங்கில் இருந்த மற்றவர்களைப் பார்த்தார். "இஞ்ச வேணாம். நாளைக்குப் போயா, ஆஸ்பத்திரி இல்லத்தானே. வீட்ட வாங்க. சுபைதா சமைப்பா. அங்க கதைப்பம்."

அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது. அன்றைக்கு மிச்சம் இருந்த வேலையை எப்படிச் செய்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. டொக்டர் கத்தரிக்கோல் கேட்க இடுக்கியைக் கொடுத்தேன்.

பௌர்ணமி விடுமுறையான போயா நாள் காலை ஓட்டோவில் கிண்ணியாத் துறைக்குப் போனேன். அங்கே பாலம் இல்லை; பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் வாகனமும் ஆளும் ஏறுகிற தட்டையான மிதவைப் படகு. ஒரு உழவு இயந்திரம், இரண்டு மாடு, சைக்கிள்கள், நாங்கள். நடுத் தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டது. பாதை மெதுவாகக் கடல் பக்கம் இழுபடத் தொடங்கியது. லண்டனில் சுரங்க ரயில் ஐந்து நிமிடம் நின்றால் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பெருமூச்சு விடுவார்கள். இங்கே எல்லாரும் பேசத் தொடங்கினார்கள். காவலுக்கு நின்ற சிங்களச் சிப்பாய் தன் கூட்டாளியிடம், "எனக்கு நீந்தத் தெரியாது என்று அம்மாவுக்கு எழுத வேண்டாம்" என்று சொன்னான். எனக்குச் சிங்களம் தெரியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "கரை கிட்டத்தான், தம்பி" என்று சிங்களத்தில் சொன்னேன். வெட்கப்பட்டுத் தொப்பியைச் சரிசெய்தான். எஞ்சின் இடறிப் பிடித்தது.

சுபைதா நெய்ச்சோறும் நண்டுக் கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தார். வட்டமான முகம், விரைவான கை. நண்டின் காலை எனக்கு உடைத்துத் தந்துகொண்டே சொன்னார்: "உங்கட பேர் இந்த வீட்டில நல்லாப் பழக்கம். சரோ இப்பிடிப் பாடும், தயா அப்பிடிப் பாடுவான் எண்டு பிள்ளைகளுக்குச் சொல்லுவாரு. ஒருநாளும் பாடிக் காட்ட மாட்டாரு. கடலில மட்டும்தான் பாடுவாரு."

"இப்ப கடலும் இல்லையே" என்றார் அன்சார். வாப்பாவுக்குப் பிறகு தான் ஓட்டிய லோஞ்சை, புரை முற்றியதும் விட்டுவிட்டாராம்.

சாப்பிட்டு முடித்ததும் சுபைதா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அன்சார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"அண்டைக்குக் காலையில தயா என்ர லோஞ்சிலதான் ஏறினவன். கந்தோருக்குப் போகல்ல. மூதூரில மனுசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரப்போறன் எண்டான். நிலைமை சரியில்லை, போகாத எண்டு சொன்னனான். கேக்கல்ல. இறங்குதுறையில வெச்சு, 'பின்னேர லோஞ்சுக்கு வந்திருவன், விட்டிட்டுப் போயிராத' எண்டான். சிரிச்சிக்கொண்டுதான் போனான்."

தம்பி எந்தத் திசையில் போனான் என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. மூதூர் இறங்குதுறைவரை அவன் உயிரோடு இருந்திருக்கிறான். சிரித்திருக்கிறான்.

"பின்னேரம்?" என்று கேட்டேன்.

"பின்னேரம் சனம் துறையில நெருக்கி நிண்டிச்சு. பொம்புளைகள், பிள்ளைகள். வெடிச்சத்தம் கிட்ட வந்திட்டு. எல்லாரும் எடு எடு எண்டு கத்துறாங்க. நான் எடுக்கல்ல. தயா, தயா எண்டு கூப்பிட்டன். அந்தச் சத்தத்துக்குள்ள பேர் எங்க கேக்கும்? அதுக்குப் பிறகு..." அவர் நிறுத்தினார்.

"சொல்லுங்க" என்றார் சுபைதா. அவருக்கு இந்தக் கதை தெரியும் என்று விளங்கியது.

"அடிக்குரலைத் தொடங்கினன், சரோ. ஏலுமான அளவு பெலனா. சின்ன வயசில உங்கட வீட்டு மதிலுக்கு வெளிய நிண்டு நான் தொடங்கினா, அவன் சாப்பாட்டில இருந்தாலும் எழும்பிப் பாடிக்கொண்டு ஓடி வருவானே. அதை நினைச்சன். சனம் எனக்கு விசர் எண்டு நினைச்சிச்சு. ஒரு பொம்புளை என்ர சட்டையைப் பிடிச்சு, என்ர பிள்ளைகள் சாகப்போகுது, எடு எண்டு அழுதா. எடுத்தன். கரை மறையுமட்டும் பாடிக்கொண்டுதான் வந்தன். அவன் வரல்ல."

வெளியே யாரோ பாண்காரரைக் கூப்பிட்டார்கள்.

"உங்கட உம்மாக்குச் சொல்ல லிங்கநகருக்குப் போனனான்" என்றார். "வீட்டில வேற ஆக்கள். உம்மா கொழும்புக்குப் போயிட்டா எண்டாங்க. விலாசம் ஒருத்தருக்கும் தெரியல்ல. எங்களுக்கும் இஞ்ச இருக்க ஏலாமப் போயிட்டு, கொஞ்ச நாள் அநுராதபுரத்தில கிடந்தம். நான் எடுத்திருக்கக் கூடாது எண்டு இப்பவும் சில நாளைக்கு நினைக்கிறன்."

"எடுத்தபடியால் அந்தப் பிள்ளைகள் இருக்குதுகள்" என்றேன். அழுகை வந்துவிட்டது. சுபைதா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். முக்காட்டுத் துணியில் நெய்யும் ஏலக்காயும் மணத்தது.

பின்னேரம் அன்சார் துறைவரை வந்தார். வெயிலுக்கு நான் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. பாதை அக்கரையில் நின்றது, வர நேரமாகும். தென்னங்குற்றி ஒன்றில் இருந்தோம்.

"பாடுவமா?" என்று கேட்டார். "இப்ப தலை அதிர்ந்தாப் பிழையில்லையா?"

"மெதுவாகப் பாடினால் பிழையில்லை."

தொடங்கினார். வயது அந்தக் குரலை இன்னும் கீழே கொண்டுபோயிருந்தது. நான் நடுக்குரலில் சேர்ந்தேன். முதல் சுற்று முடிந்தது. அந்த இடத்தில் 'கப்பல் போன பிறகும்' என்று தயா வருவான். இரண்டு பேரும் அந்த இடத்துக்கு வந்து, அவனுக்கு இடம் விட்டு, பாடிக்கொண்டே போனோம். ஊ என்றும் ஷா என்றும் டும் என்றும், பாட்டு இல்லாத பாட்டு. மேலே மிதக்க டொனால்டும் இல்லை. எண்ணெய்த் தாங்கிக்குள் நின்றபோது இந்த நாலு குரலும் எப்போதும் இப்படியே இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். சைக்கிளுடன் நின்ற ஒரு மீன்காரர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாரிக்கி. ஆனா சொல்லு ஒண்டும் விளங்கல்லியே?" என்றார்.

"சொல் பாடுற ஆள் இன்னும் வரல்ல" என்றார் அன்சார்.

மீன்காரர் தலையாட்டினார். அது சரியான காரணம்தான் என்பதுபோல.

கடைசி நாள் மத்தியானம் வான் கொழும்புக்குப் புறப்பட இருந்தது. காலையில் கோணேசர் கோயிலுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். தம்பிக்கு எந்தச் சடங்கும் செய்ய அம்மா விட்டதில்லை. மோட்ச அருச்சனை என்ற சொல்லை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவார். இப்போது அவன் கடைசியாக நின்ற இடம் தெரிந்துவிட்டது. செய்துவிட்டால் எனக்கும் அவனுக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால்தான் போக வேண்டும். கோட்டை முழுவதும் இராணுவம். அன்சார் வாசலில் காத்து நின்றார். நானும் வருவன், மலையடியில நிக்கிறன் என்றார். சோதனை செய்த சிப்பாய் அவரைக் காட்டி, "இவர் யார்?" என்று கேட்டான்.

"என் நோயாளி."

"கோயிலுக்கு ஏன் நோயாளி?"

"கண்ணைக் கவனமாகப் பார்க்க வேண்டும்" என்றேன். அது பொய்யில்லை. விட்டுவிட்டான்.

மேலே ஏறினேன். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. பாறைக்குக் கீழே கடல், ஆழ நீலம். அருச்சனைச் சீட்டு விற்கும் இடத்தில் 'மோட்ச அருச்சனை' என்று சொல்லி வாங்கினேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. இளம் ஐயர் ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"பேர்?"

"தயாபரன்."

"எப்ப தவறினவர்? திதி சொல்லுங்கோ."

நான் வாயைத் திறந்தேன். என்ன திதி? பின்னேர லோஞ்ச் போன அந்த நாளா? அதற்கு அடுத்த நாளா? அன்றிரவு அவன் எங்காவது ஒரு வீட்டில் ஒளிந்திருந்தால்? யாராவது அவனைப் பிடித்துக்கொண்டுபோய் இன்னும் வைத்திருந்தால்? சிரித்துக்கொண்டு இறங்கிப் போனவனுக்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுக்க எனக்கு யார் உரிமை தந்தது?

"திதி தெரியாது, ஐயா."

"ஒரு உத்தேசமா..."

"உத்தேசமும் இல்லை. சாதாரண அருச்சனையே செய்யுங்கோ."

ஐயர் என்னைப் பார்த்தார். "அது இருக்கிற ஆக்களுக்கெல்லோ, அம்மா?"

"ஓம்" என்றேன். "இருக்கிற ஆளுக்குத்தான். அனுச நட்சத்திரம்."

அவர் அந்த ஊரில் இப்படிப் பலரைக் கண்டிருக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொல்லி, அவனுக்கு நீண்ட ஆயுளும் உடல் நலமும் கேட்டார். நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். அம்மா ஏன் எழுந்து எழுந்து போனார் என்று அங்கே நிற்கும்போதுதான் விளங்கியது.

மலையடியில் அன்சார் கறுப்புக் கண்ணாடியுடன், என் செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்.

"இல்லை."

அவர் என் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு செருப்பை என் காலடியில் எடுத்து வைக்கக் குனியப் போனார். கண் ஆறும்வரை குனியக்கூடாது என்று அதட்டிவிட்டு, நானே குனிந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன்.